ரெடிங்கில் பால் காய்ச்சும் நாளும் என் பரீட்சையும்

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி ஷ்ரேயாஸுக்கும் சௌபாக்கியவதி ஸ்னேஹாவுக்கும் அம்மா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், மழை வந்தால் மட்டும் அப்பாவின் முழங்கால் முன்னாடியே தகவல் சொல்லிவிடுகிறது, மற்றபடி பகவான் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் பிரார்த்தனை. போனில் பேசாமல் இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா, மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தானே ஆகவேண்டும்.

நீ சொந்தமாக வீடு வாங்கினதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, போட்டோவை எதிர் வீட்டு உஷா வரைக்கும் காட்டியாகிவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்க வாத்தியாரைக் கேட்டாய், நல்லது. சம்பந்தி மாமிக்குச் சௌகரியப்படுமா என்று கேட்டாய், அது மரியாதை. உன் ஆபீஸில் லீவு கேட்டாய், அப்பாவின் டாக்டரிடம் பிளேனில் ஏறலாமா என்றுகூடக் கேட்டாய். என்னை மட்டும் கேட்கவில்லை. ஜூன் மூன்றாம் தேதி பால் காய்ச்சுகிறோம், டிக்கெட் போட்டாச்சு, மெயிலைப் பாரு என்று சொல்லிவிட்டாய். அதே ஜூன் மூன்றாம் தேதிதான் எனக்கு எம்.ஏ.வில் இங்கிலாந்து சரித்திரப் பரீட்சை. போன மாசமே சொன்னேன், அன்றைக்கு உன் காதில் எந்த மீட்டிங் ஓடிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை.

மறுபடி நான் ஞாபகப்படுத்தினபோது நீ என்ன சொன்னாய், இங்கிலாந்துக்கே வரப்போற, அப்புறம் எதுக்கும்மா அதைப் பத்திப் புஸ்தகம், நேர்லயே பாத்துக்கோயேன் என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அடேய், நீ அங்கே ஆறு வருஷமாக இருக்கிறாயே, நீ வீடு வாங்கியிருக்கும் அதே ரெடிங்கில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் டேனிஷ்காரர்கள் வந்து பாளையம் போட்டார்கள் என்று உனக்குத் தெரியுமா? அப்போது இளவரசனாக இருந்த ஆல்ஃபிரடும் ராஜாவான அவன் அண்ணனும் அவர்களை விரட்டப் போய், செமத்தியாக அடி வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நாலைந்து நாளில் ஆஷ்டவுனில் மறுபடியும் மல்லுக்கு நின்று ஜெயித்தார்கள். உன் வீட்டில் எந்த ரூமில் எத்தனை பிளக் பாயிண்ட் என்று தெரிகிறது, இது தெரியவில்லை.

எல்லோருக்கும் ஒரே கேள்விதான், சோழனும் விஜயநகரமும் இருக்கும்போது இந்த வயதில் எதற்கு இங்கிலீஷ்காரன் கதை என்று. நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்கப் போனால் கடைக்காரர் சில்வெஸ்டர்கூட, என்னம்மா, அவனே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயி எவ்ளோ வருஷமாச்சு, நீங்க இன்னும் வுடமாட்டீங்களா என்கிறார். நானும் முதலில் விருப்பப் பாடத்தில் எதையோ ஒன்றை எடுக்க வேண்டுமே என்றுதான் எடுத்தேன். படிக்கப் படிக்கத்தான் ஆச்சரியமாக இருந்தது. கண்டோன்மென்டில் பிறந்து வளர்ந்த எனக்கு வெள்ளைக்காரன் என்றால் தொப்பி போட்ட துரைதான். அவர்களே ஒரு காலத்தில் மண் வீட்டில் இருந்துகொண்டு, வாற்கோதுமை விதைத்து, கடலில் படகு தெரிந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? பிரான்சிலிருந்து நார்மன்காரன் வந்து உட்கார்ந்த பிறகு கோர்ட்டிலும் அரண்மனையிலும் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன், சொந்த ஊரில் சொந்த பாஷை அடுக்களையிலும் வயலிலும்தான். அப்படியும் அந்தச் சனங்கள் அதை விடாமல் பேசியே பிழைக்க வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

போன வருஷம் இந்த ஒரு பேப்பரில்தான் கோட்டைவிட்டேன், அதற்குக் காரணம் என் வாய் மாதிரியே நிற்கத் தெரியாத என் கைதான். ஆல்ஃபிரட் ராஜா நாற்பதை நெருங்கும்போது சண்டைக்கு நடுவிலே உட்கார்ந்து லத்தீன் படித்ததை எழுத ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, மாக்னா கார்ட்டா சாசனத்தின் பக்கம் திரும்புவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். இந்தத் தடவை கடிகாரத்தை மேஜையிலேயே கழற்றி வைத்து எழுதுவதாக உத்தேசம். மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ். சம்பந்தி மாமி நேற்று மல்லேஸ்வரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, குழந்தை ஆசையா கூப்பிடறான், பரீட்சை எங்க ஓடிப்போறது, அடுத்த வருஷம் எழுதிக்கலாமே மாமி என்று தேன் ஒழுகப் பேசினார். அடுத்த வருஷம் கிடையாது, ஷ்ரேயாஸ். யூனிவர்சிட்டி கொடுத்த கெடு இந்த ஜூனோடு முடிகிறது, இதை எழுதாவிட்டால் பாஸான பேப்பர்களும் சேர்ந்து போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே இதை விடமாட்டேன்.

வாத்தியாரை நானே போய்ப் பார்த்தேன். வைகாசியிலேயே ஒரு வாரம் தள்ளி இன்னொரு நல்ல முகூர்த்தம் இருக்கிறதாம், நான் ரெண்டும்தானே சொன்னேன், உங்க பிள்ளைதான் முதல்ல வந்ததைப் பிடிச்சுண்டான் என்கிறார். அந்த நாளுக்கு மாற்றினால் நானே வந்து உன் அடுப்பில் பால் பொங்க வைக்கிறேன். மாற்ற முடியாவிட்டால் மனஸ்தாபம் வேண்டாம், ஹோமத்தில் உட்காரப்போவது நீயும் ஸ்னேஹாவும், பாலை சம்பந்தி மாமி காய்ச்சட்டும், அப்பா வந்து அட்சதை போடுவார். என்னுடைய டிக்கெட்டை இன்று காலையில் ரத்து செய்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செஞ்சது சரிதான் என்றார். நீ வருத்தப்படுவாய் என்று எனக்குத் தெரியும், எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது, பெற்ற பிள்ளையின் வீட்டு வாசலில் முதல் நாள் நிற்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

ஸ்னேஹாவிடம் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். ஹோமப் புகைக்கு அங்கே அலாரம் அலறுமாம், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள். இருவரும் தீர்க்காயுசாக, புது வீட்டில் சகல சம்பத்துடன் இருக்க என் மனப்பூர்வமான ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. மூன்றாம் தேதி மத்தியானம் ஒரு மணிக்கு ஹாலைவிட்டு வெளியே வருவேன், உனக்கு அப்போது காலை எட்டரை. அந்த நேரத்துக்கு நீ எனக்கு போன் செய்ய வேண்டும், ஹோமம் நடந்துகொண்டிருந்தாலும் எழுந்து வந்து செய். எப்படி எழுதினே அம்மா என்று கேள். உன்னை நான் ஒவ்வொரு பரீட்சைக்கும் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன், என்னை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமளம் வைத்தீஸ்வரன்