வெண்படை, முழங்கை

அனுப்பர்பாளையம்
2.12.2024

தம்பி பிரபாகர் அவர்களுக்கு,

அனுப்ரியாவின் அப்பா கிட்டுசாமி எழுதுவது. இங்கே நலம். அங்கேயும் எல்லோரும் நலம்தானே?

இதை நானே எழுதுகிறேன். அறுபத்தாறு வயதில், நூலகத்து வகுப்பில், ஜானகியம்மாள் டீச்சரிடம் படித்தேன். காலையில் உட்கார்ந்தேன், மதியச் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு பக்கம் முடியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது. "போன் பண்ணுனா ரெண்டே நிமிசமுங்கப்பா" என்கிறாள் அனு. போனில் எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். பேப்பரில் எழுதினால் நின்று பார்க்கலாம். நீங்களும் பேப்பரிலேயே பதில் எழுதுங்கள்.

நீங்கள் பெண் பார்த்துவிட்டுப் போய் இருபது நாள். நாங்கள் உடுமலைக்கு வந்து உங்கள் வீடு பார்த்து ஒரு வாரம். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்று கை கழுவ உங்கள் அறை வழியாகப் போனேன். மேசையில் விரல் உயரத்துக்கு ஆட்கள். பாட்டில் மூடிமேல் ஒட்டி நிறுத்தியிருந்தீர்கள். உடம்பெல்லாம் வெள்ளை, தோளில் சிவப்பு. கீழே விரித்திருந்த பனியன் துணியிலும் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. இருபத்தொன்பது வயதுக்காரருக்கு அது எதற்கு? யாருக்காவது செய்வினை வைக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

இப்படிக்கு,
கிட்டுசாமி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)


உடுமலைப்பேட்டை
6.12.2024

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு வந்த முதல் தபால் கடிதம் உங்களுடையதுதான். அம்மாவிடம் காட்டினேன். "எழுத்து முத்து முத்தா இருக்குது கண்ணு" என்றார்.

செய்வினை இல்லை ஐயா, விளையாட்டு. கோவையில் நாங்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். மேசைமேல் படைகளை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவோம். அந்த ஆட்கள் வெறும் சாம்பல் நிற பிளாஸ்டிக்காக வருவார்கள். கவசத்துக்கு நாமே வர்ணம் பூச வேண்டும். என் ஆட்களுக்கு வெள்ளைக் கவசம், தோள்பட்டை மட்டும் சிவப்பு.

வெள்ளைதான் உயிரை வாங்கும். ஒரே பூச்சாக அப்பினால் சுண்ணாம்பு போலத் திட்டுத் திட்டாக நிற்கும். வெளிர் சாம்பலில் தொடங்கி, நீர்க்கக் கரைத்து, காயக் காய ஐந்து தடவை ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் சிவப்பு. தூரிகை மயிரிழை தவறினாலும் வெள்ளையில் கறை, மறுபடி முதலிலிருந்து. துணியில் நீங்கள் பார்த்தது தூரிகை துடைத்த சிவப்பு.

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். மார்கழி வருகிறது, தை பிறந்ததும் பேசலாம் என்று அம்மா சொல்கிறார். வேறு காரணம் இல்லை.

அன்புடன்,
பிரபாகர்


அனுப்பர்பாளையம்
11.12.2024

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான் நாற்பது வருடம் சாயப்பட்டறையில் நின்றவன். சிவப்பு ஓட்டிய மெஷினைக் கழுவாமல் வெள்ளையை உள்ளே விட்டால் மொத்தத் துணியும் ரோஸாகிவிடும். அதனால் வெள்ளை முதலில், சிவப்பு பிறகு என்று எழுதியதை நம்புகிறேன்.

மற்றதை நம்பவில்லை. மேசையைப் பற்றிச் சொன்னீர்கள். மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பற்றி ஏன் சொல்லவில்லை? முன்பென்றால் தாண்டிப் போயிருப்பேன். இப்போது எழுத்தைக் கண்டால் கால் நின்றுவிடுகிறது. எழுத்துக் கூட்டி மூன்று முறை படித்தேன்.

"வெண்படை. முழங்கை இன்னும் சரியாகவில்லை. தைக்குள் முடிவு."

யார் சொன்னது உங்களுக்கு? தரகர் வெள்ளியங்கிரியா? பக்கத்து வீட்டுப் பழனாயியா? அவள் அன்றைக்கு உங்கள் அம்மாவுக்குக் காப்பி கொடுக்கும்போதே காதருகே குனிந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஆமாம், உண்மைதான். அனுவுக்கு இடது முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு வெண்படைதான், தோல் வெளுத்திருக்கிறது. வலி இல்லை. ஒட்டுகிற நோயும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நீங்கள் வந்த அன்று, "நானே அவங்ககிட்டச் சொல்லிப்போடறனுங்கப்பா" என்றாள். "சும்மா இரு கண்ணு, தாலி ஏறட்டும்" என்று நான்தான் அடக்கினேன். தப்பு என்னுடையது, அவளுடையது அல்ல.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். சுவரில் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு எனக்குப் பொம்மைக் கதை சொல்லாதீர்கள்.

கிட்டுசாமி


உடுமலைப்பேட்டை
14.12.2024

ஐயா,

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

வெள்ளைக் கவசம் போட்ட என் பொம்மைப் படைக்கு நான் வைத்த பெயர் வெண்படை. அதன் தலைவனுக்கு முழங்கை மடிப்பில் வெள்ளை சரியாக உட்காரவில்லை. தை முதல் ஞாயிறு ஆட்டம். அதற்குள் முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே எழுதிய சீட்டு அது. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்பது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. பழனாயி அம்மாவைத் திட்டியிருந்தால் தயவுசெய்து சமாதானம் செய்துவிடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. முழங்கைக்காக அல்ல. சொல்ல வந்தவரைச் சொல்லவிடாமல் செய்ததற்காக.

என் முடிவைக் கேட்கிறீர்கள். அதை உங்களுக்கு எழுத மாட்டேன். உள்ளே மடித்த தாள் ஒன்று இருக்கிறது. அது அனுப்ரியாவுக்கு. வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. எழுத்தைக் கண்டால் கால் நின்றுவிடும் என்றீர்கள். இந்த ஒரு தாளை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. யார், எப்போது சொல்வது என்பதும் அனுப்ரியாவின் விருப்பம்.

பிரபாகர்


அனுப்பர்பாளையம்
18.12.2024

தம்பி பிரபாகருக்கு,

மேலே ஒரு சொல்லை அடித்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன். அப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை வரவில்லை.

பழனாயியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குங்க?" என்றாள். மனதுக்குள்தான் திட்டியிருந்தேன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இப்போது அவளுக்கு என்மேல் சந்தேகம்.

நேற்றுப் பதினொரு மணிக்குத் தபால் வந்தது. அனு கம்பெனியிலிருந்து வர ஆறு ஆகும். தாளைச் சொம்புக்கு அடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தனித் தாள் எதற்கு என்று தோன்றியது. வேண்டும் என்றால் எனக்கே எழுதியிருப்பாரே என்றும் தோன்றியது. மை ஊறி வெளிப்பக்கம் ஒரு 'ழ' மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் பார்க்கவில்லை. படிக்கத் தெரிந்த பிறகு நான் படிக்காமல் விட்ட முதல் காகிதம் இதுதான்.

அவள் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். உன்னை அடக்கியது தப்பு என்றும் சொன்னேன். தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "படிச்சீங்களாப்பா?" என்றாள்.

"இல்ல கண்ணு."

"நெசமாலுமா?"

"ஒரே ஒரு ழ."

உள்ளே போனாள். பிறகு வந்து என் நோட்டில் இரண்டு தாள் கிழித்துக்கொண்டு போனாள். எழுதும்போது ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள், ஒரு தடவை சிரித்தாள். எது எந்த வரிக்கு என்று எனக்குத் தெரியாது.

எழுதியதை மடித்து என் கையில் கொடுத்தாள். அவளும் ஒட்டவில்லை. நான்தான் சோற்றுப் பருக்கை வைத்து நான்கு ஓரமும் ஒட்டி இதனுள் வைத்திருக்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே ஒட்டிவிட்டேன். மெதுவாகப் பிரியுங்கள்.

கிட்டுசாமி