காதுகுத்து சிடியில் பட்ட நெய்

சம்பந்தியம்மா,

யுகாதிக்கு ஒப்பட்டுப் போளி தட்டிக்கொண்டிருந்தேன். கல்லில் நெய் விட்டதும் வாசனை எழுந்தது, கூடவே உங்கள் ஞாபகமும் வந்தது. ஞாபகம் வந்ததும் வழக்கம்போல வயிறு எரிந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் இது அடங்கவில்லை. உயிரோடு இருந்தபோது உங்கள் முகத்துக்கு நேரே காட்ட முடியாமல் அடக்கியதெல்லாம் இப்போதுதான் தாராளமாக வருகிறது.

அந்த நேரம் பார்த்து நம் பேத்தி வந்து நின்றாள். ஏழாவது படிக்கிறாள், என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம். கையில் அவளுடைய காதுகுத்து சிடி.

"ஆயா, அம்மம்மா பேசுற இடத்துல நிக்குது. தொடைச்சுக் குடேன்."

அந்த சிடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு சிடி கொண்ட பெட்டி அது. முதல் சிடி முழுக்க உங்கள் வீட்டுச் சீர்வரிசைதான். பிரேசர் டவுனிலிருந்து வேன் வைத்து வந்து இறங்கினீர்கள். பழத்தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு, தோடு வைத்த தட்டு என்று வரிசையாக உங்கள் சனம் நடந்துகொண்டே இருக்கும். வீடியோக்காரனும் விடாமல் பின்னாலேயே போயிருப்பான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், அது முறை. ஆக, மடியும் உங்களுடையது, தோடும் உங்களுடையது. பெற்றவனைப் பெற்ற நான் கூட்டத்தில் ஒரு தலை.

ஆனால் இரண்டாவது சிடியில் எனக்கு ஓர் இடம் இருந்தது. ஆசாரி இரண்டாவது காதையும் குத்தினதும் பாப்பா வீறிட்டு எழுந்தாள். நீங்கள் இரண்டு கையையும் நீட்டினீர்கள், "அம்மம்மா கிட்ட வா கண்ணு." அவள் உங்கள் கையைத் தள்ளிவிட்டு, மாமன் மடியைத் தாண்டி, "ஆயா!" என்று என் மேல் வந்து விழுந்தாள். நீட்டிய உங்கள் கை அப்படியே நிற்கும். நீலசந்திராவில் எங்கள் வீதியில் அந்த இடத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. பால் ஊற்ற வந்தவரைக்கூட உட்கார வைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அடுத்த யுகாதிக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோதுதான் அந்த அநியாயம் நடந்தது. பாப்பா இரண்டாவது சிடியை எடுத்து, அதையே தட்டாக்கி, தன் பொம்மைக்கு ஒப்பட்டு பரிமாறிவிட்டாள். மேலெல்லாம் நெய்யும் வெல்லமும். அப்படியே மெஷினில் வேறு போட்டுவிட்டாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து, நான் வரவேண்டிய இடத்தில் சரியாக நின்றுவிட்டது. அதற்கு நகலும் கிடையாது. வீடியோக்காரன் கடையைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டிருந்தான்.

என் மகன் அதன்மேல் வாயால் ஊதி, மூக்குக்கண்ணாடி துடைப்பதுபோல பனியனில் வைத்து வட்டமாகத் தேய்க்கப் போனான்.

"மாப்பிள்ளே, நிறுத்துங்க! சுத்திச் சுத்தித் தொடைக்கக் கூடாது," என்றீர்கள் நீங்கள்.

"அவனை விடுங்க, என்கிட்ட குடுங்க," என்றேன் நான். "கொஞ்சம் புளி போட்டா பூஜைத்தட்டு மாதிரி பளிச்சுனு ஆயிடும்."

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "ஐயோ, இது பித்தளை இல்லைங்க சம்பந்தியம்மா. புளி, சாம்பல், தின்னர் எதுவும் படக்கூடாது."

படிப்பில் நீங்கள் உசத்தி. இருக்கட்டும், பள்ளிக்கூட டீச்சர், கம்ப்யூட்டர் ரூம் சாவி உங்கள் இடுப்பில் தொங்கியது. ஆனால் தட்டு கழுவுவதிலுமா? என் வீட்டுக் குழாயடியில், என் கண்முன்னால், எனக்குத் தெரியாத ஒரு கழுவலை நீங்கள் கழுவினீர்கள். அன்றைக்கு எரிந்தது இன்னும் ஆறவில்லை.

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்கள். சிடியை விளிம்பில் மட்டும் பிடித்து, மண் துகள் போகட்டும் என்று வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றினீர்கள். ஒரே ஒரு சொட்டு ஷாம்பு. "மெத்துனு பழைய துணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டீர்கள். என் வீட்டுக்காரருடைய பழைய மல்வேட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். அதுவாவது என்னுடையதாக இருக்கட்டுமே. நடு ஓட்டையிலிருந்து வெளி விளிம்புக்கு, நேராக, அழுத்தாமல் இழுத்தீர்கள்.

"இதுல படம் வட்டம் வட்டமா பதிஞ்சிருக்கு. அதே வட்டத்துல கீறல் விழுந்தா ஒரு இடம் முழுசா போயிடும். குறுக்கே சின்னதா விழுந்தா மெஷின் எப்படியாவது தாண்டிடும்," என்றீர்கள். பேர் அச்சடித்த பக்கத்தை இன்னும் பதமாக ஒற்றினீர்கள், அங்கே உரிந்தால் சிடியே போச்சாம். வெயிலில் காயவைக்க மாடிக்குக் கிளம்பின என்னையும் தடுத்தீர்கள். வளைந்துவிடுமாம். கடைசியில் நிழலில் சாய்த்து வைத்தோம்.

நன்றாகக் காய்ந்த பிறகு போட்டோம். பாப்பா வீறிட்டாள், எழுந்தாள், தாண்டினாள், என் மேல் விழுந்தாள். ஒரு கட்டம் உடையவில்லை. நான் கைதட்டிவிட்டேன். நீங்கள் டிவியில் உங்கள் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இதுக்குத்தானா நான் இவ்வளவு தொடைச்சேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான். அப்புறம் குரலை இறக்கி, "இன்னொரு தரம் போடுங்க," என்றீர்கள். உங்களுக்கும் எரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எனக்கு மட்டும்தான் அந்த வியாதி என்று நினைத்திருந்தேன்.

இன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். இந்தத் தடவை நெய் இல்லை, வெறும் விரல் ரேகை. பாப்பா போட்டுப் போட்டு எடுத்ததில் படிந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு, அதே மல்வேட்டியில் மிச்சமிருந்த துண்டு. நடுவிலிருந்து விளிம்புக்கு இழுத்தேன். என் கை உங்கள் கை மாதிரியே போனது. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு மாதிரி போகமாட்டேன் என்கிறது.

போட்டாள். திரையில் நீங்கள் வந்தீர்கள். மடியில் வைத்திருந்த உங்கள் மகனைப் பார்த்து, "டேய், குழந்தையைக் கெட்டியாப் பிடி, கழுத்தை அமுக்காதே," என்று அதட்டினீர்கள். காது குத்துமுன் அவ்வளவுதான் நீங்கள் பேசுவது. பாப்பா பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். ஆசாரி ஊசி எடுக்குமுன் நிறுத்திவிட்டாள். நான் வருகிற இடம்வரை அவள் போகவே இல்லை. உங்கள் முகம் திரையில் நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தானாடி நான் இவ்வளவு தொடைச்சேன்?" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன ஆயா?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தரம் போடு."