எந்தக் குடுவையில் எந்த இதயம்

1961 அக்டோபர் 24
இதை எவனும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். முடி போன அரச வம்சத்தின் உடல்கள் வியன்னாவில். இதயங்கள் மட்டும் வெள்ளிக் குடுவைகளில் எங்கள் ஊர் நிலவறையில். பதினான்கு இதயங்கள், ஒரே காவலன்: கோர்பினியனாகிய நான். நான் தும்மினால் ஏழு தலைமுறை அரசர்கள் 'நூறாயுசு' சொல்கிறார்கள்.

அக்டோபர் 27
ஒரு குடுவையைத் துடைத்து மாடத்தில் வைத்த பிறகே அடுத்ததை இறக்க வேண்டும். விதி. மகா புத்திசாலி நான், இரண்டைச் சேர்த்து இறக்கினேன். கழுத்தில் தொங்கும் பெயர்த் தகடுகளையும் கழற்றினேன். ஐயோ— இளவரசர் எது, இளவரசி எது? இரண்டும் ஒரே அச்சு.
இந்தக் கணவன் மனைவிதானா கிடைத்தார்கள்? 'என் இதயம் அவர் பக்கத்தில் வேண்டாம், எதிர்ச் சுவரில் வையுங்கள்' என்று எழுதி வைத்துச் செத்தவர் அந்த இளவரசி. எது யாரென்று தெரியாமலே இரண்டையும் எதிரெதிர்ச் சுவர் மாடங்களில் ஏற்றிவைத்தேன்.

அக்டோபர் 29
பாதிரியாரிடம் ஒப்புக்கொண்டேன். "போன வருஷம் குடுவை குறட்டை விட்டுச்சுன்னியே, அது இதைவிட நல்லா இருந்துச்சு" என்கிறார். டிக்கெட் கிழிக்கும் அக்கா மகள் ரோஸ்விதா: "மாமா, உங்க புளுகுக்கே தனியா ஒரு குடுவை செய்யணும்."

அக்டோபர் 31
கல்லறைத் திருநாளுக்கு இளவரசியின் மகள் அடெல்குண்டா வருவார். எழுபது வயது. தாயின் குடுவைமேல் நெற்றியை வைத்து அழுவார். தாயை அடித்த தகப்பன் பக்கம் திரும்பவே மாட்டார். ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே. அடித்தவன் இதயத்தில் அந்த நெற்றி படலாமா?

நவம்பர் 1
சகல புனிதர் திருநாளுக்குச் சுட்ட பின்னல் ரொட்டி முழுவதையும் ரோஸ்விதாவிடமே கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 2
வந்தார்.
"அம்மா, உங்க தாயார் எதுல இருக்காங்கன்னு எனக்குத் தெரியலை. துடைக்கும்போது கலந்துட்டேன்."
"விளையாடறீங்களா, கோர்பினியன்?"
"இல்லீங்க."
என் முகத்தைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "எதிரெதிர்ச் சுவர்லதானே இருக்காங்க? அம்மா கேட்டது அது ஒண்ணுதான்."
எழுந்து ஒரு குடுவை முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"இன்னொரு மெழுகுவர்த்தி இருக்கா? அம்மாவை இருட்டுல விட முடியாதே."
மேலே எழுதியதில் என் அளப்பு எவ்வளவோ உண்டு. ஆனால் இரண்டாவதை ஏற்றும்போது அவர் கிழித்த மூன்று தீக்குச்சிகள் அணைந்தது நிஜம். நான்காவதைக் கிழித்துக் கொடுத்தவன் நான்.