வடக்குச் சுவருக்கு வியர்த்தது

அன்புள்ள பொடிசுக்கு,

நாற்பத்தாறு வயதுக்காரியை இன்னும் பொடிசு என்றழைப்பதைப் பார்த்து மாப்பிள்ளை சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். இங்கே நான் நலம். அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள். நீங்கள் மூவரும் சுகமென்று எழுதியிருந்தாய், பேத்திக்குப் பல் விழுந்ததற்கு நான்கு வரி, உன் முதுகுவலிக்கு அரை வரி. நாற்காலியை மாற்று. நான் எழுதப்போவதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன், பாதி விஷயம் அந்தரத்தில் தொங்கும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீட்டை நான் விற்கப்போவதில்லை, மாதக் கடைசியில் வருவதாக இருந்த தரகரை வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். என் படுக்கையறையின் வடக்குச் சுவர் ஈரம் பூத்துக் கறுத்துக் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டு, அஸ்திவாரம் தண்ணீர் குடிக்கிறது, வீடு இனித் தாங்காது, விற்றுவிட்டு என்னிடம் வந்துவிடு என்று தீர்ப்பெழுதினாய். கட்டடப் பொறியாளரான உன் வாக்கு. நான் அதை நம்பவில்லை, ஆனால் என் நம்பிக்கை அதைவிட மோசம்: மாடியில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் தையல்காரியின் குளியலறைக் குழாய்தான் கசிகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். படியடியில் நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்களும் கேட்கும்படி, பொறுப்பில்லாதவர்களுக்கு வீடு விட்டால் இப்படித்தான் என்று சொன்னேன். மாடியில் தையல் இயந்திரம் நின்றது. மறுநாள் முணுமுணுப்பு என்று தெருவே அழைக்கும் குழாய்க்காரரை வரவழைத்து அவள் குளியலறைத் தரையில் இரண்டு கல்லைப் பெயர்க்கச் செய்தேன். அவர் உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, "தாகத்துக்குக்கூட ஒரு சொட்டு இல்லீங்க, சொன்னா யாரு கேக்குறாங்க" என்று எனக்குக் கேட்கும்படியே முணுமுணுத்தார். அப்படியானால் சுவருக்குள் போகும் குழாயாக இருக்கும் என்றேன் நான். தையல்காரி அன்றைக்கே வேறு வீடு தேடத் தொடங்கினாள்.

இரண்டு நாள் கழித்து, வீட்டைக் காலி செய்யக் கெடு கேட்பதற்காகக் கீழே வந்தவள் என் படுக்கையறைக்குள்ளும் வந்தாள். குறுக்கே கட்டியிருந்த கொடியையும் அதில் தொங்கிய ஈரப் போர்வை, துண்டு, உடுப்புகளையும் மூலையில் எரிந்த மின்கணப்பையும் பார்த்தாள், இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்திருந்த ஜன்னலைப் பார்த்தாள், கண்ணாடியின் உட்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரல் நனைந்தது. "டீச்சர், இந்தக் கண்ணாடியும்தான் அழுவுது, இதுக்கும் என் குழாய்தான் காரணமா?" என்று கேட்டுவிட்டு, மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்று மேலே போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் புவியியல் நடத்தியவள் நான். கரும்பலகையில் கடல் வரைந்து, சூரியன் வரைந்து, மேகமும் மலையும் மழையும் ஆறும் வரைந்து, அம்புக்குறி போட்டு எத்தனை முறை விளக்கியிருப்பேன்: சூடு பட்ட நீர் ஆவியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் காற்றோடு கலக்கிறது, மேலே ஏறிக் குளிர்ந்த இடத்தில் அதற்குமேல் காற்றால் சுமக்க முடியாமல் துளியாகிறது, மழையாக விழுந்ததில் கொஞ்சம் ஆற்றோடு ஓடுகிறது, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது, கொஞ்சத்தை வேர்கள் இழுத்து இலைவழியே மறுபடி காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. புதிதாக எதுவும் வருவதில்லை, இருப்பதுதான் இடம் மாறுகிறது என்று சொல்லும்போது கடைசி வரிசைக்காரர்களுக்காகக் குரலை உயர்த்துவேன். அந்தப் படம் முழுவதும் என் படுக்கையறையில் நடந்துகொண்டிருந்தது. ஈரப் போர்வை கடல், கணப்புச் சூடு சூரியன், வெயிலே படாமல் சில்லிட்டுக் கிடக்கும் வடக்குச் சுவர் மலை. காற்று வெளியேற வழியில்லாமல் நானே அடைத்து வைத்திருந்தேன். நான் துவைத்த தண்ணீர்தான் என் சுவரில் வழிந்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் மாடியே கோணல் என்றேன்.

ஆனாலும் சோதிக்காமல் ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. சமையலறையில் இருந்த அலுமினியத் தாளில் ஒரு முழம் வெட்டி, நான்கு ஓரமும் ஒட்டி, சுவரில் பதித்து இரண்டு நாள் விட்டேன். சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்தால் தாளின் பின்பக்கம் நனைய வேண்டும், அறைக் காற்றிலிருந்து வந்தால் முன்பக்கம். முன்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. பின்பக்கம் காய்ந்து கிடந்தது. உன் அஸ்திவாரமும் அவள் குழாயும் ஒரே நாளில் விடுதலையாயின.

இனி, துணியை ஏன் உள்ளே காயப்போட்டேன் என்று கேட்பாய், கேட்காமலே சொல்கிறேன். நான்கு மாதத்துக்கு முன், மழை தொடங்கிய வாரத்தில், மொட்டைமாடியிலிருந்து துணியோடு இறங்கும்போது ஒன்பதாவது படியில் கால் வழுக்கி, மூன்று படிகளை உட்கார்ந்தபடியே கடந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை, இடுப்பு மட்டும் ஒரு மாதம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று எழுதி என்னை நானே யானையாக்கிக்கொள்ள விருப்பமில்லை. உன்னிடம் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து என்னைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விடுவாய் என்று மறைத்தேன். அதன்பின் படி ஏறவேயில்லை, கொடியை அறைக்குள் கட்டினேன், குளிர் ஆகாதம்மா ஜன்னலைத் திறக்காதே என்று நீ சொன்னதும் வசதியாகப் போயிற்று. மறைத்த சங்கதி சும்மா இருக்கவில்லை பார், சுவரில் போய் வழிந்தது.

நேற்றுக் காலை மாடிக்குப் போனேன். பதினாறு படி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. ஒன்பதாவது படியில் சற்று நின்றேன், பயந்தேன் என்றே எழுதிவிடுகிறேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "கீழ இருந்து ஒரு குரல் குடுத்திருந்தா நானே வந்திருப்பேனே டீச்சர்" என்றாள். குற்றம் சொல்லத்தான் கீழேயிருந்து கத்தினேன், மன்னிப்புக் கேட்கவாவது மேலே வர வேண்டாமா என்றேன். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டிருந்தாள், அதை எடுத்து மேசையில் குத்திவிட்டு, "நீங்க விழுந்த அன்னிக்கே எனக்குச் சத்தம் கேட்டுச்சு. கேட்டா பூனைன்னீங்க. அவ்ளோ பெரிய பூனை எந்த ஊர்ல இருக்கு?" என்றாள். நான்கு மாதமாக என் காலடிச் சத்தம் அறைக்கு அறை போவதை மேலேயிருந்து கேட்டுக்கொண்டே தைத்திருக்கிறாள். அவள் காலி செய்யப்போவதில்லை.

பெயர்த்த இரண்டு கல்லையும் முணுமுணுப்பு பதித்துவிட்டார், புதன்கிழமை தச்சர் வந்து படிக்குக் கைப்பிடி போடுகிறார். துணி இனி மொட்டைமாடியில்தான், வாளியை அவள் தூக்குகிறாள், துணிக் கவ்விகளை நான் எடுத்துப்போகிறேன். ஜன்னல் காலையும் மாலையும் திறந்திருக்கிறது, இருமல் வந்தால் இருமிக்கொள்கிறேன். சுவரில் இப்போது ஈரமில்லை, கறை மட்டும் இருக்கிறது, அதைச் சுரண்டி வெள்ளையடிக்க வெயில் வரட்டும். சுவரைத் தப்பாகக் கணித்தவள் தன்னை எப்படிக் கணிப்பாள் என்று நீ கேட்பாய், நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் விழுந்ததையும் சேர்த்து எழுதினேன். இனி விழுந்தால் அன்றைக்கே உனக்குத் தெரியும், நான் சொல்லாவிட்டாலும் மாடியிலிருந்து செய்தி வரும், உன் எண்ணை அவள் வாங்கிக்கொண்டுவிட்டாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ வேண்டும், பேத்திக்கு விழுந்த பல் நேராக முளைக்க வேண்டும். நாற்காலியை மறக்காதே. அந்த அலுமினியத் தாளை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன், சுவர்ப்பக்கம் எதுவென்று மூலையில் குறியிட்டிருக்கிறேன். அஸ்திவாரத்தைப் பற்றி மறுபடி பேசத் தோன்றினால் முதலில் அதைத் தொட்டுப் பார்.

இப்படிக்கு,
நேற்றுப் படி ஏறி, இறங்கியும் வந்த
உன் அம்மா