பன்னிரண்டு வாரமும் ஒரே மை

இன்று காலை பல்கலைக்கழகத்தில் என் மேசைக்கு ஒரு தொழிற்பயிற்சிக் குறிப்பேடு வந்தது. முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கும் ஒரு பெண்ணுடையது. பன்னிரண்டு வாரமும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் மேற்பார்வையாளரின் கையெழுத்து. ஒரே மூச்சில் போட்டது என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பாம்பின் கால் பாம்பறியும். உடனே உன் நினைவு வந்தது.

ஈப்போவுக்கு வெளியே அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் நாம் இருவரும் பயிற்சிக்குப் போனோம். குனோங் ராபாட்டிலிருந்து தினமும் உன் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்துதான். ஆய்வுக்கூட வேலை என்று சொல்லி எடுத்தவர்கள், அந்தக் கதவுக்குள்கூட நம்மை விடவில்லை. பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட விட்டார்கள். கடைசி வாரம் மேற்பார்வையாளர் அண்ணன் வந்தார். "நீங்களே எழுதிட்டு வாங்கலா, நான் சைன் போட்டு சாப் அடிச்சித் தாரேன்." அங்கே பயிற்சிக்கு வருகிற எல்லாருக்கும் கையெழுத்தும் முத்திரையும் அப்படித்தான் கிடைக்கும்.

நான் கற்பனையை அவிழ்த்துவிட்டேன். ரப்பர் பாலின் கெட்டித்தன்மையை அளந்தேன், கையுறையை இழுத்துச் சோதித்தேன் என்று நாளுக்கொரு பொய். நீ ஸ்டிக்கர் ஒட்டியதை ஸ்டிக்கர் ஒட்டியதாகவே எழுதினாய். திரும்பி வந்த பெட்டிகளில் கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததையும், ஏன் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை என்பதையும் எழுதினாய். இதைப் பார்த்தா மேற்படிப்புக்கு இடம் கொடுப்பார்கள் என்று கேலி செய்தேன். செய்ததைத்தானே எழுத முடியும் என்றாய்.

இருவருக்கும் ஒரே நாள் நேர்காணல். நீ முதலில் போய்ச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். அடுத்து நான். பேராசிரியர் என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, ரப்பர் பாலை அளந்த அந்தக் கருவி எப்படியிருக்கும், வரைந்து காட்டு என்றார். எனக்குக் கை ஓடவில்லை. உனக்கு இடம் கிடைத்தது. ஒட்டிக்கொண்ட கையுறைகளே உன் ஆய்வாயின. எனக்கு அடுத்த ஆண்டுதான், வேறொரு பல்கலைக்கழகத்தில்.

நீதான் போட்டுக்கொடுத்தாய் என்று அன்றே முடிவு கட்டினேன். இல்லாவிட்டால் எத்தனையோ கேள்விகள் இருக்க, அவர் ஏன் அதைக் கேட்க வேண்டும்? உன்னிடம் கேட்டுத் தெளியவும் இல்லை. என் கல்யாணத்தில் நீ சேலையைச் சொருகிக்கொண்டு பந்தி பரிமாறியபோதுகூட, மனசு உறுத்துகிறது, அதனால் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படியே பத்து வருடம் ஓட்டினேன்.

இன்று அந்தப் பெண் நேர்காணலுக்கு எதிரே வந்து உட்கார்ந்ததும், குறிப்பேட்டில் எழுதியிருக்கும் கருவி எப்படியிருக்கும் என்று என் வாயே கேட்டது. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. பக்கத்தைப் பார்த்தேன், கேட்டேன், அவ்வளவுதான். அவள் தலை குனிந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் மனத்தின் ஒரு மூலை, ஒருவேளை நீ சொல்லியிருப்பாயோ என்று இன்னும் கேட்கிறது. என் புத்தி அப்படி.

நீ கண்மூடுவதற்கு முன் மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "என் மேல ஏதும் கோவமாடி?"

"ஒண்ணும் இல்லலா," என்றேன்.

நீ அதை அப்படியே நம்பினாய்.