பன்னிரண்டாவது படம்

அன்பு மகளுக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி நான் நலமாகவே இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. நீ எடுத்து அனுப்பிய விமானச் சீட்டு வந்து சேர்ந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து இருந்துவிடுகிறேன் என்று போனில் சரி சொன்னவன் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை, பெட்டிகூடப் பாதி கட்டியாயிற்று. ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் கிளம்ப எனக்குக் கால் வரவில்லை. போனில் சொன்னால் அப்பாவுக்கு வயசாயிடுச்சு என்று நீ உடனே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அம்மா கடைசியாகப் படம் போட்டுக்கொண்டிருந்த புத்தகம் உனக்குத் தெரியும், கொட்டாவி விடுகிற பேருந்தின் கதை. எழுத்து என்னுடையது படம் அவளுடையது, முப்பது வருஷமாக அப்படித்தான், சமையல் மட்டும் மாறி மாறி. பன்னிரண்டு படத்தில் பதினொன்றை முடித்துவிட்டுப் போய்விட்டாள். எல்லோரும் இறங்கிப் போன பிறகு பேருந்து கண்ணை மூடுகிற கடைசிப் படத்துக்கு அவள் பென்சில்கூட வைக்கவில்லை. எட்டு மாதமாக அந்தப் படக்கட்டை நான் தொடவே இல்லை. பதிப்பாளரம்மா நல்லவர், அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார், வேறு ஓவியரை வைத்து முடித்துவிடலாமா என்று கேட்டார். அதற்கு முன்னால் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு ஒருமுறை வாசித்துப் பார்த்துவிடுகிறேன் என்றேன். நகல் எடுத்துத்தான் வாசிக்கவேண்டும், சோம்பல்பட்டு மூலப்படங்களையே கிளிப் போட்டு எடுத்துப் போனேன், அம்மா இருந்திருந்தால் தோலை உரித்திருப்பாள். எண்ணிக்கை சரியாக வரவேண்டுமே என்று கடையில் புதுத்தாள் ஒன்று வாங்கிப் பன்னிரண்டாவதாகச் சேர்த்தேன். வெறும் வெள்ளைத்தாள், அவள் போன பிறகு வாங்கியது, அவள் கை படாதது, இதை நினைவில் வைத்துக்கொள்.

பக்கத்துத் தெருப் பள்ளியில் காலை பத்து மணிக்கு வாசிப்பு, சின்ன வகுப்பு, பதினேழு பேர் தரையில், நான் முக்காலியில். படக்கதை வாசிக்கிறவனுக்குப் படம் தெரியாது, அதைப் பிள்ளைகள் பக்கம் பிடித்துக்கொண்டு வரிகளை மனப்பாடமாகச் சொல்லவேண்டும், நான் பார்ப்பதெல்லாம் அவர்கள் முகத்தைத்தான். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே தலையைச் சொறிகிறார்கள் என்று பார்த்துத்தான் வீட்டுக்கு வந்து வரிகளை வெட்டுவேன். அன்றைக்குப் பேருந்து கொட்டாவி விட்டபோது ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பதினேழு பேரும் படத்தின் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த படத்திலும் அப்படித்தான், இடம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. முன்வரிசையில் இருந்த ரெட்டைப்பின்னல் ஒருத்தி, அந்த அம்மா பஸ்ஸப் பிடிக்க வர்றாங்களா என்று கேட்டாள். கதையில் அம்மா யாரும் இல்லை கண்ணு என்றேன். பக்கத்தில் இருந்தவன், இருக்காங்களே, கிட்ட வந்துட்டாங்க என்றான். எனக்கு வேர்த்துவிட்டது, ஆனாலும் வாசிப்பை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். பதினொன்றாவது படத்தில் முன்வரிசை முழுக்கப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டாவதைப் புரட்டினேன், யாரும் தாளைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் கொஞ்சம் நிமிர்ந்து என் தோளுக்குப் பின்னால் பார்த்தன, அங்கே சுவர்தான். ரெட்டைப்பின்னல் மட்டும் எழுந்து இடம் விட்டு, நீங்க உக்காருங்க என்றாள், என்னிடம் இல்லை. டீச்சர் எனக்குத் தண்ணீர் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் படங்களைச் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளையாக நிற்கவேண்டிய இடத்தில் மெழுகைத் தேய்த்துவிட்டு அதன்மேல் வர்ணம் பூசுவது அம்மாவின் பழக்கம், அதே மெழுகால் காய்ந்த வர்ணத்தின்மேல் கோடு போட்டால் நேராகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, கீழே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு மினுங்கும். பதினொரு படங்களிலும் மெழுகால் ஒரு பெண், தோளில் பை. முதல் படத்தில் எறும்பளவு தூரத்தில் வருகிறாள், பதினொன்றாவதில் அவள் முழங்காலுக்குத்தான் தாளில் இடம் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்திலும் உனக்கென்று ஏதாவது ஒளித்துவைப்பாளே, அந்த விளையாட்டுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பதினொன்றுக்கு அந்தச் சமாதானம் போதும். பன்னிரண்டாவதை எப்படிச் சாய்த்தாலும் ஒன்றும் இல்லை, விரலால் தடவியும் பார்த்துவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதைவிட ஆசையாகவும் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். அன்றிலிருந்து பெட்டியில் ஒரு துணிகூட வைக்கவில்லை, அவ்வளவு தூரம் நடந்து வந்தவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அவள் என்னைப் பார்க்கத்தான் நடந்தாளா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இத்தனை புத்தகத்தில் எனக்கென்று ஒரு குண்டூசியைக்கூட ஒளித்தவள் இல்லை, எல்லாம் உனக்குத்தான். அதனால் படங்களை இந்தக் கடிதத்தோடே அனுப்புகிறேன், எழுத்தைப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நல்ல பகல் வெளிச்சத்தில் வாண்டைத் தரையில் உட்காரவைத்து நீ நாற்காலியில் இருந்து வாசி, எதையும் கேட்காதே, சொல்லியும் கொடுக்காதே. பன்னிரண்டாவதைப் புரட்டும்போது வாண்டு எங்கே பார்க்கிறாள் என்று மட்டும் பார். வெள்ளைத்தாளைப் பார்த்துப் படம் எங்கேம்மா என்று கேட்டால் சீட்டை ரத்து செய்துவிடு, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் தோளுக்குப் பின்னால் பார்த்தால் உடனே போன் பண்ணு, மீதித் துணியை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், அம்மா அங்கே வந்துவிட்ட பிறகு எனக்கு இந்த வீட்டில் என்ன வேலை.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் சேர்ந்து வாழவேண்டும், அதுதான் என் ஆசி. வாண்டு பால் வேண்டாம் என்றால் விட்டுவிடு, நீயும் அப்படித்தான் இருந்தாய். படங்களை ஈரக்கையால் தொடாதே. முக்கியமாக ஒன்று, வாண்டு பார்க்கிற பக்கம் நீ திரும்பிப் பார்த்துவிடாதே. வேலை முடியும்வரை யாரும் பார்ப்பது அம்மாவுக்குப் பிடிக்காது, இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அப்பா