இரண்டு கை கேட்கும் மெஷின்

1986 மார்ச் 3, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே தகரக் கூரை சுடுகிறது.

விறகு பிளக்கும் ராஜு வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. ஷா ஆலாமில் ஏதோ தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டதாம், ஏர்கோன் போட்ட இடமாம். அவன் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள். நன்றாக இருக்கட்டும். கோடரியைத் துடைத்துக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறான், மரியாதை தெரிந்த பிள்ளை.

ஆனால் விறகு யார் பிளப்பது? சனிக்கிழமை லோரியில் வந்து இறங்கிய ரப்பர் கட்டை வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இதற்கிடையில் பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் இருந்து போன். பங்குனி உத்திர அன்னதானத்துக்கு வழக்கம்போல நம் விறகுதான் வேண்டுமாம். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று காரியதரிசி கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். போனில் வேறு என்ன சொல்வது.

என் வீட்டுக்காரர் கட்டைக் குவியலைச் சுற்றிச் சுற்றி வருகிறார். தீபாவளி முடிந்து வந்த ஸ்ட்ரோக்கில் இடது கை போய்விட்டது. போய்விட்டது என்றால், தோளில் இருந்து தொங்குகிறது, தொட்டால் அவருக்குத் தெரியாது. கால் பரவாயில்லை, கொஞ்சம் இழுக்கும். பேச்சு திரும்பிவிட்டது. வாய்க்கொழுப்பும் கூடவே திரும்பிவிட்டது. கை மட்டும் இல்லை.

சாப்பிடும்போது சொன்னார், டிராக்டர் சும்மாதானே நிற்கிறது, அதன் பின்னால் மாட்டுகிற விறகு பிளக்கும் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று. ஒரு வாரமாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன யோசனை என்றே இருக்கட்டும்.

வாங்க: பி.பி. மாத்திரை. கை தேய்க்க எண்ணெய். அரம் ஒன்று. கருவாடு.

மார்ச் 5, புதன்

மதியம் இடியோடு மழை. தார்ப்பாய் போதவில்லை. ரப்பர் கட்டை நனைந்து கிடந்தால் இரண்டு மூன்று நாளில் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். பிளந்து காயப் போட்டால்தான் விறகு.

நனைந்த ரப்பர் கட்டைக்குப் புளித்த பால் வாசனை. மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எனக்கு மட்டும் அது கல்யாணத்தை ஞாபகப்படுத்தும்.

தோட்டத்தில் பால் மரங்களை அழித்துச் செம்பனை போட்ட வருடம். நான் பால் வெட்டிய மர நிரையைச் சாய்க்க வெளியில் இருந்து ஆட்கள் வந்தார்கள், அவர்களில் ஒருவர் இவர். எனக்கு ஆத்திரம். வேண்டுமென்றே மரத்தில் பால் பிடிக்கிற மங்குகளை ஒவ்வொன்றாக, மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். கங்காணி கத்தினார். இவர் கோடரியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அந்தப் பொண்ணு மங்க எடுத்து முடிக்கட்டும், மரம் எங்க ஓடிப் போவுது?" என்றார். அன்றைக்கு எல்லாருக்கும் அரை நாள் வேலை கெட்டது. கங்காணி சாகும் வரை அதை மறக்கவில்லை. நானும்தான்.

தார்ப்பாய் இன்னொன்று யாரிடமாவது கேட்க வேண்டும்.

மார்ச் 8, சனி

ஸ்ரீ கெம்பாங்கான் போனோம். என் தம்பி சேகர் வேனில் வந்து கூட்டிப் போனான். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், இரும்பைப் பார்த்தால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு.

டிராக்டர் சாமான் கடை முதலாளி, சீனத் தவுக்கேயிடம் இரண்டு மெஷின்கள் இருந்தன.

ஒன்று, திருகு. கூரான இரும்புக் கூம்பு, உடம்பெல்லாம் மரை. டிராக்டரின் பின்தண்டோடு சுழலும். கட்டையைக் கொண்டுபோய் முட்டினால் போதும், தானே உள்ளே இழுத்துப் பிளந்துவிடும். வேகம். விலை பாதி. ஒரு கை போதும். சட்டை நுனி மாட்டினால் ஆளையும் இழுக்கும். (கடைசி வரி சேகர் என் காதில் சொன்னது. தவுக்கே சொல்லவில்லை.)

இரண்டு, ஆப்பு. இரும்பு மேடையில் கட்டையை நிற்க வைக்க வேண்டும். மேலிருந்து ஆப்பு எண்ணெய் அழுத்தத்தில் இறங்கும். வேகம் குறைவு. இரண்டு பக்கமும் இரண்டு லீவர். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும், ஒன்றை விட்டாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரண்டு கையும் லீவரில் இருந்தால் ஆப்புக்கு அடியில் கை போகாது அல்லவா, அதற்காக.

தவுக்கே ஓட்டிக் காட்டினார். "டுவா தாங்கான்லா ஆச்சி, பாரு ஜாலான்," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இரண்டு கையும் இருந்தால்தான் ஓடும். அப்போதுதான் இவருடைய கையைப் பார்த்தார். காட்டிய கைகளை மெல்லக் கீழே போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன்.

திருகுதான் நமக்குச் சரி என்றார் இவர். வலது கையால் கட்டையை முட்டுவது போலச் செய்தும் காட்டினார். கண்ணில் அப்படி ஒரு ஆசை. நான் அந்தக் கூம்பு சுழல்வதைப் பார்த்தேன், பிறகு இவருடைய சட்டைக் கையைப் பார்த்தேன். இடது பக்கம் எதில் போய் மாட்டினாலும் இவருக்குத் தெரியவே தெரியாது.

ஆப்புதான் என்று சொல்லிவிட்டேன். இவர் வேனில் போய் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் சேகர் மட்டும் எண்ணெய் பம்ப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான்.

மார்ச் 9, ஞாயிறு

பேச்சு இல்லை. "சோறு," "தண்ணி," அவ்வளவுதான்.

மாலையில் எண்ணெய் தேய்க்கும்போது சொன்னார். "எனக்கு வேலை இல்லாத மெஷினாப் பாத்து வாங்கியிருக்க கமலா." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் கொடுத்திருப்பேன்.

இந்த இடது கையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வலது கை கோடரிக் காம்பின் அடியைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கும். இடதுதான் மேலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே வரும், அடி விழும்போது வலதைத் தொடும். அந்த நேரம் ஒரு சத்தம், கட்டை இரண்டு. ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது அந்தக் கையை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் விறகு போட்ட நாட்களில், யாழ்ப்பாணத்து டீச்சர் அம்மா ஒருவர் வாசலில் நின்று ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பார். "தம்பி, உது மொத்தமாக் கிடக்குது, இன்னும் கொஞ்சம் மெல்லிசாப் பிளந்து தாங்கோ" என்பார். இவரும் சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து கைக்கத்தியால் பிளந்து கொடுப்பார், இடது கை கட்டையைப் பிடிக்கும், கத்தி வரும்போது விலகும். நான் லோரியில் உட்கார்ந்து எரிச்சல்படுவேன், கிள்ளானில் படம் போட்டுவிடுவார்களே என்று. அந்தப் படங்களில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. கை ஞாபகம் இருக்கிறது.

கடிகாரத்தை வலது மணிக்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். கட்டிவிடுவது நான்.

மார்ச் 12, புதன்

மெஷின் வந்தது. டிராக்டரில் மாட்டிப் பூட்டினார்கள். சந்தனம், குங்குமம், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். தேங்காயை இவர்தான் உடைத்தார், ஒரே போடு, சரிபாதி. அதில் கொஞ்சம் முகம் தெளிந்தது.

முதல் கட்டையை முதலாளி பிளப்பதுதானே வழக்கம். கட்டையை மேடையில் வைத்துவிட்டு எல்லாரும் இவரைப் பார்த்தார்கள், மெஷின் கொண்டுவந்த சீன லோரிக்காரன் உட்பட. இவர் வலது லீவரைத் தொட்டார். இடதைப் பார்த்தார். "நீயே பொளந்துடு," என்று சொல்லிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பிளந்தேன். நல்ல மெஷின், குறை சொல்ல ஒன்றும் இல்லை. முடிச்சு விழுந்த கட்டைகூடப் பிளந்துகொண்டது. சாயங்காலம் வரை பிளந்தேன். இவர் பெஞ்சில் பேப்பர் விரித்துக்கொண்டு இருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

தோள் வலி.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் கிள்ளான் பாசாருக்குப் போனேன். மீன் விலை கேட்காதே. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பிலேயே டிராக்டர் சத்தம் கேட்டது.

சேகர் வந்திருக்கிறான். வந்தவன் சும்மா இருப்பானா? சைக்கிள் டியூப்பை வெட்டி, இடது லீவரைக் கீழே இழுத்துக் கட்டிவிட்டான். இனி வலதை மட்டும் அழுத்தினால் ஆப்பு இறங்கும். "பாத்தியாக்கா, அஞ்சு நிமிஷ வேலைலா," என்கிறான்.

இவர் பிளந்துகொண்டிருந்தார். வேர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னா முதலாளியம்மா, மீனு கெடைச்சிச்சா?" என்றார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இவர் சிரித்து நான் பார்க்கவில்லை. டியூப்பை அவிழ்க்கச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். மச்சானும் மச்சானும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு ஒரே சத்தம். வீடு பழைய வீடு மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன்.

மார்ச் 17, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் இவர் பிளக்க, நான் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். இடது கை தொங்கிக்கொண்டே இருந்தால் இவருக்குத் தோள் வலிக்கும், அதனால் எங்கே உட்கார்ந்தாலும் நின்றாலும் அதை வலது கையால் எதன் மேலாவது தூக்கி வைத்துவிடுவார். சாப்பாட்டு மேசை, பெஞ்சு, டிராக்டர் மட்கார்டு. நிமிர்ந்து பார்த்தேன். இடது கை மேடையில், கட்டைத் தலை மேலே. எப்போது வைத்தாரோ. வலது கை லீவரை அழுத்திக்கொண்டிருக்கிறது, கண் ரோட்டில் போகும் ஏதோ லோரியைப் பார்க்கிறது, ஆப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், லீவரை விடமாட்டார். ஓடிப்போய் வலது கையைத் தட்டிவிட்டேன். ஆப்பு நின்றது. விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

எதற்கு அடிக்கிறேன் என்று கோபமாகத் திரும்பினார். பிறகு கீழே பார்த்தார். அடுத்தவன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்க வச்சேன்னே தெரியல புள்ள," என்றார்.

கட்டையின் மேல் இருந்து கையை நான்தான் எடுத்தேன். டியூப்பை அரிவாளால் அறுத்தேன். சேகருக்குப் போன் போட்டுத் திட்டினேன், அவன் அழுதான். நேற்றே நான் அவிழ்த்திருக்க வேண்டியது, அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. இவர் வீட்டுக்குள் போனார்.

மார்ச் 18, செவ்வாய்

மந்தாரம். மழை இல்லை.

எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சவரம் இல்லை. கடிகாரம் வேண்டாம் என்றார். கொட்டகையை இனி நீயே பார்த்துக்கொள், கோவில் விறகுக்கு வேறு ஆளைச் சொல்லிவிடு என்கிறார். ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் வாய் கோணிக் கிடந்தபோதுகூட இவர் இப்படி இல்லை. அப்போதும் நர்ஸிடம் சைகையில் காபி கேட்டு வம்பு செய்தவர்.

கை தப்பியது. ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறார். எனக்கு இது பயமாக இருக்கிறது, நேற்றைவிட அதிகமாக.

தனியாகப் பிளந்தேன். பாதி நாள்தான் முடிந்தது.

மார்ச் 19, புதன்

காலையில் காபியோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். தனியாக முடியவில்லை, ஒரு லீவருக்கு ஆள் வேண்டும், வாங்க என்றேன்.

"அது ரெண்டு கை கேக்கும்," என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"ஒன்னு உங்களுது. இன்னொன்னு என்னுது."

பிறகு திரும்பாமலேயே கேட்டார். "இந்தக் கை?"

அதைத்தான் பயப்படுகிறார். மெஷினை இல்லை, தன் கையை. அது தனக்குத் தெரியாமல் எங்காவது போய் உட்கார்ந்துகொள்ளும் என்று. எனக்கும் அந்தப் பயம்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சவரம் செய்யவில்லை. ஆனால் வந்தார்.

கட்டையை மேடையில் நான் வைத்தேன். அவர் வலப் பக்கம், நான் இடப் பக்கம். அவருடைய வலது கை ஒரு லீவரில், என்னுடைய இடது கை இன்னொன்றில். நடுவில் தொங்கிய அவர் இடது கையை என் வலது கையால் பிடித்துக்கொண்டேன். கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

"ம்," என்றார். சேர்ந்து அழுத்தினோம். ஆப்பு இறங்கியது. பாதியில் குனிந்து பார்க்காமல், நேராக மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"விட்டுட்டியா?"

"இல்ல."

கட்டை பிளந்தது. அடுத்த கட்டையை எடுத்து வைக்க நான் கையை விட வேண்டியிருக்கிறது, வைத்துவிட்டுத் திரும்ப வந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான், நான் சொன்னால்தான் தெரியும். அதனால் அடுத்த கட்டைக்கும் கேட்டார். சாயங்காலம் வரை ஒவ்வொரு கட்டைக்கும் கேட்டார். ஒவ்வொரு கட்டைக்கும் சொன்னேன்.